கட்டுகள் இடம் மாறிய ஐப்பசி

இந்த விவரத்தை நான் இருபத்தாறு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. பொய் சொல்லத் தெரிந்தவர்களின் பேச்சில் ஒட்டுப் போட்ட இடத்தை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். பத்திரப் பதிவுத் துறையில் அதுதான் என் பிழைப்பு. ஜெபக்கனி அக்கா சொன்னதில் ஒட்டே இல்லை. ஆனாலும் நான் எதையோ கேட்காமல் விட்டுவிட்டேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எதை என்பதுதான் தெரியவில்லை. குற்றம் கதையிலா கேட்டவனிலா என்று பல நாள் குழம்பியிருக்கிறேன்.

எனக்கு முதல் வேலை வெள்ளைப்பொத்தையில். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஆவுடையப்பன் என்ற பத்திர எழுத்தரின் ஒற்றை அறை இருந்தது. அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தவர் ஜெபக்கனி அக்கா. என் மதியச் சாப்பாட்டை அங்கே எடுத்துப்போய்ச் சாப்பிடுவேன். அவர் இதைச் சொன்னது அந்தச் சாப்பாட்டு நேரங்களில். நடந்தது நான் அந்த ஊருக்குப் போவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால்.

ஊரிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் பத்திரம் எழுதியவர் ஆவுடையப்பன். வீட்டுக்கு ஒரு கட்டு என்று நானூற்றுப் பன்னிரண்டு கட்டுகள், ஒவ்வொன்றிலும் அந்த வீட்டின் பத்திர நகல்கள், எல்லாம் சிவப்பு நாடாவில் இறுக்கி, சுவரை அடைத்து நின்ற இரும்பு ராக்கில் இருந்தன. நம்பர் கிடையாது, பதிவேடு கிடையாது, மேலே பெயர்கூடக் கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடோ, கட்டுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக் கட்டு. இதுதான் அவருடைய முறை. மேல்தட்டு தேரடித் தெரு, அடுத்த தட்டு சர்ச் தெரு, அப்படியே குளத்துத் தெரு, சந்தைத் தெரு என்று இறங்கி, கடைசித் தட்டின் கடைசி மூலை ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு. ஒரு கட்டு வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் அந்த வீட்டுக்கு நடந்துபோக வேண்டும், வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது, வாசல் வந்ததும் கையை நீட்டினால் கட்டு கைக்கு வரும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் வெளியூர்க்காரன் எவனும் ஒரு காகிதத்தைக்கூட எடுக்க முடியாது. அக்காவால் முடியும், சர்ச் தெருவில் மூன்றாவது வீட்டிலிருந்து தினமும் நடந்து வேலைக்கு வந்தவர் அவர்.

அந்த ஐப்பசியில் ஆவுடையப்பன் வீட்டில் தலைதீபாவளி. மாப்பிள்ளை குற்றாலநாதன் பெங்களூரில், பெரிய பெரிய கம்பெனிகளின் பழைய காகிதங்களைக் குடோனில் வாங்கி வைத்துக் காப்பாற்றுகிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். நல்ல பையன், சும்மா இருக்கத் தெரியாதவர். எண்ணெய்க் குளியல் முடிந்து, அதிரசம் முடிந்து, கறி விருந்தும் முடிந்து, மழை விடாமல் பிடித்துக்கொண்ட மறுநாள், மாமனாரின் அறையைப் பார்க்க வந்தார். ராக்கின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மாமா, இது எந்த வரிசையில இருக்கு?"

"ஊரு வரிசையில, மாப்பிள்ளை."

"நீங்க ஒரு நாள் லீவு போட்டா?"

"ஊரும் லீவுதான்."

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. நாலு நிற ஸ்டிக்கர் வாங்கி வந்தார். விலைக்கு வாங்கிய வீட்டுக்கு மஞ்சள், தானமாக வந்த வீட்டுக்குப் பச்சை, அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீட்டுக்குச் சிவப்பு, உயிலில் வந்த வீட்டுக்கு நீலம். நிறத்துக்குள் வருஷ வரிசை, வருஷத்துக்குள் சதுர அடி வரிசை, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நம்பர், நம்பர்களுக்கு ஒரு பதிவேடு, அந்தப் பதிவேட்டை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு தனி நோட்டு. ஆவுடையப்பன் வாயைத் திறக்கப் போனார். அவர் மனைவி கோமதியம்மாள் கண்ணாலேயே அடக்கினார்.

"தலைதீவாளிக்கு வந்தவுக. மனசு கோணக் கூடாது. காகிதந்தான, அடுக்கிட்டுப் போட்டும்."

மூன்று நாள் மழையில் மாப்பிள்ளை அடுக்கினார். அக்கா ஸ்டிக்கர் ஒட்டினார். புதன்கிழமை சாயங்காலம் கடைசிக் கட்டு ஏறியது. வியாழக்கிழமை விடிந்தபோது ஊரும் அந்த வரிசையில் இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் வீடு மட்டும்தான் இடம் மாறிவிட்டது என்று நினைத்து, அதில் ஏதோ மானக்கேடு இருப்பதாகப் பட்டு, எப்போதும்போல வாசல் தெளித்துக் கோலம் போட்டு, எதிர்வீட்டில் புதிதாய்த் தெரிந்த முகத்தைப் பார்த்து நெடுநாள் பழகியவர் மாதிரிச் சிரித்துவைத்தார்கள். பால்காரர் வந்து தெருவின் நடுவே சைக்கிளை நிறுத்தி, "ஏ மக்கா, இது எந்தத் தெரு?" என்று உரக்கக் கேட்ட பிறகுதான் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். வீடுகள்தான் நகர்ந்திருந்தன. பள்ளிக்கூடம், கோயில், சர்ச், பஸ் ஸ்டாண்டு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆவுடையப்பனிடம் அவற்றுக்குக் கட்டு கிடையாது. தெருநாய்கள் இடத்தோடும் வீட்டுப் பூனைகள் வீட்டோடும் தங்கிவிட்டன. கோழிகள் மட்டும் இரண்டு நாள் யோசித்தன.

"கரண்டுக் கம்பி எப்படிக்கா?" என்று நான் கேட்டேன்.

"ஒட்டியிருந்துச்சு."

"குழாய்?"

"தண்ணி வந்துச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள், எப்பவும்போல."

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று சொல்லும்போது அக்கா சோற்றை மறந்துவிடுவார். ஒரே வாரத்தில் கிரையத் தெரு, தானத் தெரு, பாகத் தெரு, உயில் தெரு என்று புதுப்பெயர்கள் வழக்குக்கு வந்துவிட்டன. தபால்காரர் சுடலைமணிதான் அதிகமாகச் சந்தோஷப்பட்டவர், யாருக்காவது கடிதம் வந்தால் "வீடு வாங்கினதா, வந்ததா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பிவிடுவார். பாகத் தெருவில் ஊரிலுள்ள சண்டைக்கார அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் சுவரோடு சுவராக வந்து சேர்ந்தார்கள். முதல் மூன்று நாள் அந்தத் தெருவில் காது கொடுக்க முடியவில்லை. நாலாம் நாள், அடுத்த வீட்டு அண்ணன் அவன் தம்பியைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, நம்முடையது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று ஒவ்வொருவருக்கும் பட்டு, சத்தம் தானாக இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆறு வீடுகளில் தம்பிக்குக் குழம்பு போனது. தானத் தெருவில் எல்லாரும் சொகுசாய் வளர்ந்தவர்களாக இருந்ததால் தெரு கூட்ட ஆள் கிடைக்கவில்லை. கிரையத் தெருவில் எவருக்கும் எவரும் சொந்தமில்லை என்பதால் எல்லாரும் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசினார்கள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் எதுவும் தெரியாது. ஊருக்குப் புதியவர்; ஊர் முன்பே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலம் மாமனாரோடு நடந்துபோகையில், "ஊரு ரொம்ப ஒழுங்கா இருக்கு மாமா. இங்க இருந்துட்டு அந்த ராக்கை எப்படி அப்படி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். ஆவுடையப்பன் தன் வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். யாரும் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவார், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை ஒரு ஊரே சேர்ந்து வருத்தப்படவைத்தது என்ற பேச்சு வெள்ளைப்பொத்தைக்கு வேண்டாம் என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். ஊர் இவ்வளவு அன்பாக இருக்கிறதே என்று அவர் லீவைப் பத்து நாள் நீட்டினார். பிறகு இன்னொரு பத்து நாள்.

ஜெபக்கனி அக்காவின் வீடு அப்பா உயிலில் எழுதிவைத்தது. ஆகவே அவர் உயில் தெருவுக்குப் போனார். எல்லா வீட்டு முன்னறையிலும் மாலை போட்ட ஒரு படம் இருந்த, சத்தமில்லாத தெரு. அக்காவின் வீடு ஆயிரத்து நூற்று நாற்பது சதுர அடி. அதே வருஷத்து உயிலில் வந்த, இரண்டே அடி கூடுதலான வீடு பக்கத்தில் வந்து நின்றது. கேட்டுக்கு அங்கிட்டு ஊரின் கடைசி வீடாக இருந்த அது, மைக் செட் அருமைநாயகத்துக்கு அவருடைய அத்தை எழுதிவைத்தது. அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது, அவருக்கு நாற்பது. ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் பேசிக்கொண்டதில்லை. அருமைநாயகம் யாரோடும் பேசியதில்லை. ஊர்த் திருவிழா முழுக்க அவருடைய குழாய்தான் கத்தும். அவர் நேரில் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும்.

இடம் மாறிய மூன்றாம் நாள் காலையில் உயில் தெருவில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஹலோ... ஹலோ... பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் அம்மா கவனத்துக்கு. உங்க பூனை எங்க ஆம்ப்ளிஃபயர் மேல படுத்திருக்கு. சூடா இருக்குன்னு படுத்திருக்கு. வேற ஒண்ணுமில்ல. நன்றி."

மறுநாள் அதே நேரம்: "இன்னைக்கும்."

அக்கா பதிலை டைப் அடித்து அனுப்பினார். பத்திரம் அடித்துப் பழகிய கை. "மேற்படி பூனையை மேற்படி ஆம்ப்ளிஃபயர் மேலிருந்து, அதற்கு எவ்விதச் சேதமுமின்றி இறக்கி, சூரியன் அஸ்தமிக்கும் முன் சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது." அருமைநாயகம் அதை மைக்கில் வாசித்தார். 'சுவாதீனம்' என்ற இடத்தில் ஒரு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். படங்களிலிருந்த முன்னோர்கள் தவிர உயில் தெருவில் எல்லாரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டு மதினி அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி ஜெபக்கனி, பூனைய நீயே தூக்கி அங்க போடுதியா?"

"போங்க மதினி."

"போடலன்னா இனிமேப் போடு."

இப்படித் தினமும் நடந்தது. அன்றைக்கு என்ன குழம்பு, ரேஷன் கடை திறந்திருக்கிறதா, சர்ச்சில் இரண்டாம் மணி அடித்துவிட்டதா என்று மைக்கில் கேள்வி வரும். டைப் அடித்த பதில் சுவருக்கு மேலே போகும். இரண்டு அடி வித்தியாசத்தை வைத்து மாப்பிள்ளை சேர்த்துவைத்த இந்தச் சேர்க்கையை, நூறு வருஷமானாலும் ஊர் வரிசை சேர்த்துவைத்திருக்காது என்று அக்காவுக்குத் தெரியும். கட்டுகள் பழைய இடத்துக்குப் போனால் அந்த வீடு ஒன்றரை மைல் தள்ளிப் போய்விடும், அங்கிருந்து மைக் சத்தம் சர்ச் தெருவுக்கு எட்டாது, அந்த மனுஷர் தானாக நடந்துவந்து கதவைத் தட்டுகிறவரும் இல்லை, தனக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. இதுவும் அவருக்குத் தெரியும்.

ஆனால் ஊரால் தாங்க முடியாத ஒன்று வந்துசேர்ந்தது. விலைக்கு வாங்கிய தன் வீட்டைப் பால்வண்ணம் என்பவர் மகளுக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். கட்டு மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போனது. மறுநாள் காலையில் வீடு தானத் தெருவுக்குள் போய் உட்கார, அதற்கு அப்பாலிருந்த முப்பது வீடுகளும் கையில் காப்பி டம்ளரோடு ஒரு வீட்டளவு தள்ளிப்போயின. நாலு நாளில் இன்னொரு பத்திரம், இன்னொரு நகர்வு. காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து கைகால் கழுவி உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு பத்திரம் எழுத எல்லாருக்கும் பயம். இழுப்பு முற்றிக்கிடந்த கிழவர் ஒருவர், "உயில் எழுதினா நாளைக்கே என்னையப் படம் மாட்டுத தெருவுல கொண்டு போட்டிருவியடே" என்று பேனாவை வாங்க மறுத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பாகத் தெருக்காரர்கள் இப்படியே இருக்கட்டும் என்றார்கள். அவர்களுக்குத் தம்பிகள் கிடைத்திருந்தார்கள். சுடலைமணியும் அவர்கள் பக்கம். கிரையத் தெருவிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

"மரியாதையெல்லாம் சரிதான் அண்ணாச்சி. ஆனா அடுப்புல பாலை வெச்சிட்டு, 'ஏளா, பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போக ஒரு ஆளு இல்ல எனக்கு."

கூட்டம் ஆவுடையப்பனைப் பார்த்தது. அவர் கண் புரை ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு உட்கார்ந்திருந்தார்.

"என் முறையில ஒரு குத்தம் உண்டு. நான் போய்ச் சேந்துட்டா எவனுக்கும் ஒரு காகிதம் கிடைக்காது. மாப்பிள்ளை முறையிலயும் ஒரு குத்தம் உண்டு. எல்லாவனுக்கும் எல்லாக் காகிதமும் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரன்தான் கிடைக்க மாட்டான். நான் என்னத்தச் சொல்ல? ரெண்டும் அடுக்குதான்."

கடைசியில் பழையபடி வைப்பது என்று முடிவானது. மாப்பிள்ளை ஊருக்குப் போன பிறகு. அடுத்த சனிக்கிழமை முறுக்கும் முந்திரிக்கொத்தும் இரண்டு தூக்கு வாளியில் ஏற்றி, ஊரே பஸ் ஸ்டாண்டு வரை போய் அவரை வழியனுப்பியது. ஜன்னல் வழியே அவர் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்கா அறையைத் திறந்தார். ஆவுடையப்பனுக்கு ஒரு கண்ணில் துணி, மறு கண்ணிலும் புரை; எதுவும் தெரியாது. பழைய வரிசையை அறிந்த இன்னொரு ஆள் அக்காதான். ஆவுடையப்பன் நாற்காலியில் சாய்ந்தபடி தெருப் பெயரை மட்டும் சொல்லச் சொல்ல, அக்கா மனசுக்குள் வீடு வீடாக நடந்து ஒவ்வொரு கட்டாக வைத்தார்.

"ஸ்டிக்கரைக் கிழிக்கவா அண்ணாச்சி?"

"இருந்துட்டுப் போட்டும். பாவம், ஆசையா வாங்கிட்டு வந்தாரு. நிறம் வீட்டை நகத்தாது."

மதியத்துக்கு மேல் அருமைநாயகத்தின் கட்டு கைக்கு வந்தது. இதைச் சொன்னபோது அக்கா சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"வேற எங்கயாச்சும் வையின்னு கை சொல்லிச்சு. அண்ணாச்சிக்கா கண்ணு தெரியாது. ஆனா அது அவிய அத்தை வீடு. அவியளக் கேக்காம நகத்த எனக்கு என்ன பாத்தியம் இருக்கு? கடைசித் தட்டு, கடைசி மூலை. இருந்த இடத்துலயே வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திங்கக்கிழமை விடிஞ்சுது. ஊரு பழையபடி இருந்துச்சு. சோத்தைத் தின்னுங்க, ஆறுது."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி மெஷினில் காகிதத்தைச் சொருகினார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தொந்தரவு செய்தது. கையிலிருந்ததைத் தானே எடுத்துத் தூர வைத்துவிட்டு வந்தவள் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட நான் கேட்டதில்லை. இருபத்தெட்டு வயதில் கூச்சத்தை நாகரிகம் என்று நினைத்திருந்தேன். ஐந்தரைக்கு அவர் எந்தப் பக்கமாக வீட்டுக்குப் போனார் என்றும் பார்த்ததில்லை, ஐந்து இருபதுக்கு எனக்கு பஸ். பிறகு மாற்றலாகிவிட்டேன். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஆவண அறைகளில், எளிதாக அடுக்கியதையும் சிக்கலாக அடுக்கியதையும் பார்க்கும்போதெல்லாம், வீடு நகருமா என்ற சந்தேகத்தைவிட அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்ற சந்தேகம்தான் பெரிதாக வளர்ந்தது.

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன், வெள்ளைப்பொத்தையில் இறங்கி சர்ச் தெருவுக்குப் போனேன். முதல் வீடு, இரண்டாவது வீடு, அப்புறம் ஒரு வீட்டளவு வெட்டவெளி. அதில் ஒரு வாலிபால் நெட்டும் இரண்டு ஆடுகளும். அதற்கப்பால் நாலாவது வீடு. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"டைப்பிஸ்ட் அக்கா வீடா? அது கேட்டுக்கு அங்கிட்டுல்லா இருக்கு."

"இங்கே மூன்றாவது வீடு என்று..."

"இருந்துச்சு. இப்ப அங்க இருக்கு," என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரயில்வே கேட்டைத் தாண்டினால் இரண்டு பழைய வீடுகள். நடுச்சுவரில் வாசல் வெட்டி நிலை வைத்திருந்தது. அக்காவுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது, அடையாளம் கண்டுகொண்டு அதே சிரிப்பைச் சிரித்தார். நிலை வழியாக ஒரு பெரியவர் வந்தார், டீயை வைத்தார், காற்று மாதிரி ஏதோ சொன்னார், உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்த குழாய் கரகரத்தது.

"ஹலோ... சாருக்குச் சீனி போதுமா?"

போதும் என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். பிறகு அக்காவிடம் திரும்பினேன். "அக்கா, அன்னைக்கு அவர் கட்டை..."

"இருந்த இடத்துலதான் வெச்சேன். பைபிள் மேல அடிச்சு எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

பொய் சொல்லத் தெரியாத முகம். சத்தியம் முழுக்க உண்மை என்பதும் எனக்குத் தெரிந்தது, அருமைநாயகத்தின் வீடு அத்தை எழுதிவைத்த அதே இடத்தில்தான் நின்றது. இத்தனை வருஷம் வாங்கியவரை, விற்றவரை, சாட்சியை எல்லாம் துருவித் துருவிக் கேட்டவன், இவரிடம் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன் என்பது அந்த நிலைவாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. டீயைக் கீழே வைத்தேன்.

"சரி அக்கா. உங்க கட்டை எங்க வெச்சீங்க?"